யார் செய்த வினை?

கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ கிள்ளையிலிருந்தோ கிளம்பிய 108 ஆம்புலன்ஸ் சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பாதி விசாரணை முடிந்திருக்கும். விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் நின்றாளா? வளைகாப்பன்று யார் கண் பட்டது? சொன்ன பேச்சைக் கேட்காமல் கருவாடு தின்றாளா? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிட்டார்களா? ஒன்றும் சரியாக மாட்டவில்லை என்றால் கடைசியில் ஒரு பதில் இருக்கவே இருக்கிறது. “எந்த ஜென்மத்துப் பாவமோ, இப்போ வந்து நிக்குது” என்பார் ஒரு பெரியம்மா. சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். கட்டிலில் கால் வீங்கிப் படுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் காதிலும் அது விழும்.

விசாரணை எந்தப் பக்கம் போனாலும் கூண்டில் நிற்பவள் அவள் ஒருத்திதான்.

இதைப் படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பெரியம்மா எழுப்பிய கேள்வி சாதாரணமானதல்ல. ஒருவருக்கு ஏன் துன்பம் வருகிறது, அது தண்டனையா, தண்டனை என்றால் அதில் குறுக்கிடலாமா என்ற விவாதம் கடலூர் மாவட்டத்து மண்ணில் நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் முதல் ஆசிரியர் மெய்கண்டார் பிறந்த ஊராகச் சொல்லப்படும் பெண்ணாகடம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் பண்ருட்டிக்குப் பக்கத்திலுள்ள திருத்துறையூர்க்காரர். அந்த மரபின் நான்காவது ஆசிரியர் உமாபதி சிவம் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் இருந்து எழுதியவர். சூலை நோயில் துடித்த அப்பர் பாட்டெடுத்தது திருவதிகையில். வள்ளலார் பிறந்த மருதூரும் சிதம்பரத்துக்கு அருகில்தான். வினை, நோய், அருள் ஆகிய மூன்றையும் பற்றி இத்தனை பேர் யோசித்த வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகம். எனவே பெரியம்மாவுக்கான பதிலை வெளியே தேட வேண்டியதில்லை.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம்.

கருவுற்று இருபது வாரம் கடந்தபின் புதிதாக ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டுவது, அதோடு சிறுநீரில் புரதம் போவது அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது. இதை முன்சூல்வலிப்பு என்று மருத்துவம் சொல்லும். சிறுநீரில் போகும் புரதத்தை ஊர்ப்பக்கம் ‘உப்பு’ என்பார்கள். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கருவாட்டை நிறுத்தியதால் இந்த நோய் தடுக்கப்பட்டதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. அழுத்தம் 160/110க்கு மேல் போய், தலைவலி மண்டையைப் பிளந்து, கண் மங்கி, மேல்வயிறு வலித்தால் அடுத்த கட்டம் வலிப்பு. அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி என்று பெயரிட்டுப் பேயோட்டிகளிடம் கொண்டுபோன நோய்களில் இதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி முன்சூல்வலிப்பால் ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 தாய்மார்கள் இறக்கிறார்கள். பிறக்கும் முன்போ பிறந்த சில நாட்களிலோ இறக்கும் சிசுக்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம்.

கோளாறு ஆரம்பிப்பது நஞ்சுக்கொடியில். அதுவும், யாருக்கும் எதுவும் தெரியாத முதல் மாதங்களில்.

உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கருவுக்கு முதல் பத்து வாரம் அது அதிகம் வேண்டாம் என்பதை அங்கே சொல்லித்தருவதில்லை. அந்த வாரங்களில் கருப்பையின் சுருள் தமனிகளின் வாயை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கின்றன. தாயின் ரத்தம் நேராக உள்ளே பாய்வதில்லை. உறுப்புகள் உருவாகும் நேரத்தில் ஆக்சிஜனின் சிதறல்கள், அதாவது எதை வேண்டுமானாலும் தாக்கும் மூலக்கூறுகள், கருவை அண்டாமல் இருக்க இது ஒரு காவல். பத்து, பன்னிரண்டு வாரத்தில் அடைப்பு விலகுகிறது. லண்டனில் எரிக் ஜோனியோவும் கேம்பிரிட்ஜில் கிரகாம் பர்ட்டனும் அளந்து பார்த்ததில், எட்டாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் நஞ்சுக்கொடிக்குள் ஆக்சிஜன் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. இயல்பான கர்ப்பத்திலும் அந்த நேரத்தில் ஒரு சிறு எரிச்சல் உண்டு. நஞ்சுக்கொடி அதைத் தாங்கிக்கொள்கிறது; எரிச்சலை அணைக்கும் நொதிகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அடுத்த வாரங்களில் அந்தச் செல்கள் சுருள் தமனிகளுக்குள் இறங்கி, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, வாயை அகலப்படுத்த வேண்டும். முன்சூல்வலிப்பு வரப்போகும் பல கர்ப்பங்களில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வீராணம் ஏரித் தண்ணீர் அகலமான மதகு வழியாக வந்தால் வயலில் அமைதியாகப் பரவும். குறுகிய மடையில் பீய்ச்சி அடித்தால் நாற்று வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். அங்கேயும் அதுதான் நடக்கிறது. விரிந்த தமனியிலிருந்து ரத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வேகத்தில் நுழையும் என்றும், விரியாத தமனியில் அது ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும் என்றும் பர்ட்டன் குழு கணக்கிட்டது. ரத்தம் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் நிற்கிறது. ஆக்சிஜன் குறைந்து குறைந்து திரும்பி வரும்போதெல்லாம் செல்களுக்குள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை பெருகுகின்றன. அணைக்கும் சக்தியைவிட எரிக்கும் சக்தி கூடிப்போகும் இந்த நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். இந்திய மருத்துவக் கல்லூரிகளின் உயிர்வேதியியல் துறைகளில், இந்த நோய் கண்ட தாய்மாரின் ரத்தத்தில் இது திரும்பத் திரும்ப அளக்கப்பட்டிருக்கிறது.

பிறகு சேதம் தாயின் உடம்பு முழுவதும் பரவுகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை சூப்பராக்சைடு தின்றுவிடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பாஸ்டனில் ஆராய்ச்சி செய்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் இன்னொரு கண்ணியைக் கண்டுபிடித்தது: திணறும் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது, குழாய்களின் உட்சுவரை நல்லபடி வைத்திருக்கும் காரணிகளை அது பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி அளித்தது.

சிதம்பரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற யாருக்கும் ஒரு சபலம் வரும். ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ. ஆக்கமும் அழிவும் ஒரே காற்றில். ஆகவே ஆடவல்லான் இதை அன்றே சொல்லிவிட்டான் என்று முடித்துவிடலாம். இந்திய அரசு கொடுத்த நடராசர் சிலை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2004 முதல் நிற்கிறது. அதற்கப்புறம் இப்படிப் பேசுவது இன்னும் சுலபமாகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிரசவ வார்டில் அது ஒரு அவுன்ஸ்கூட உதவாது. பெரியம்மா கேட்டது பிரபஞ்சத்தைப் பற்றி அல்ல, பொறுப்பைப் பற்றி.

பொறுப்பு என்று வந்தால் அறிவியல் ஒரு சங்கடமான சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நஞ்சுக்கொடி தாயின் உறுப்பல்ல. அது குழந்தையின் பக்கம். அதன் மரபணுக்களில் பாதி தகப்பனுடையவை. நார்வேயின் பிறப்புப் பதிவேட்டை வைத்து 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரு மனைவிக்கு இந்த நோய் வந்திருந்தால் அதே ஆணுக்கு வேறொரு பெண் மூலம் உண்டாகும் கர்ப்பத்திலும் அது வரும் வாய்ப்பு 1.8 மடங்கு என்று காட்டியது. இந்த நோய் கண்ட தாயின் வயிற்றில் பிறந்த ஆண் வளர்ந்து தகப்பனாகும்போதும் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆய்வு 2001இல் சொன்னது. அதைவிட வினோதம் முத்துப்பிள்ளைக் கர்ப்பம். முழுமையான முத்துப்பிள்ளையில் கரு என்று ஒன்றே கிடையாது; திராட்சைக் கொத்துப் போன்ற நஞ்சுக்கொடித் திசு மட்டும் வளர்கிறது. அதன் குரோமோசோம்கள் பெரும்பாலும் முழுக்க முழுக்கத் தகப்பன் வழி வந்தவை. இருபது வாரத்துக்கு முன்பே முன்சூல்வலிப்பு வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அதாவது, குழந்தையே இல்லாத, தாயின் பங்கு மிகக் குறைந்த ஒரு திசுகூட இந்த நோயைக் கொண்டுவரும். வளைகாப்புக் கண்ணேறு பற்றி மாமியார் வீட்டில் நடக்கும் விசாரணை ஒருதடவையாவது மகன் பக்கம் திரும்பியிருக்கிறதா?

சரி, மகன் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. சித்தாந்தத்தின் கணக்குப்படி ஒவ்வோர் உயிரும் தன் வினையைத்தான் அனுபவிக்க வேண்டும். ஒருவர் வினையை இன்னொருவர் சுமப்பதில்லை. நஞ்சுக்கொடியில் இந்தக் கணக்கு சிக்கிக்கொள்கிறது. தகப்பனின் மரபணு, குழந்தையின் உறுப்பு, தாயின் ரத்தக் குழாய். மூன்று பேரில் யாருடைய பிராரத்தம், அதாவது இந்தப் பிறவியில் அனுபவித்தாக வேண்டிய வினை, இது? மூன்று வினைகளும் ஒரே இடத்தில் கூடி வந்தன என்று ஒரு பதில் சொல்லலாம். அதை யாராலும் மறுக்க முடியாது. என்ன நடந்தாலும் பொருந்திவிடுகிற பதில் அது; அதனாலேயே, இன்று ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

அருணந்தி சிவாச்சாரியார் இந்த இடத்தை யோசிக்காமல் விடவில்லை. சிவஞான சித்தியாரில் அவர் இறைவனை மருத்துவனுக்கு ஒப்பிடுகிறார்: சில நோயை அறுத்துக் கீறித் தீர்க்கிறான், சிலவற்றைப் பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்க்கிறான், அதுபோல வினையையும் இன்பத்தாலும் துன்பத்தாலும் கழிக்கிறான். துன்பம் பழிவாங்கல் அல்ல, சிகிச்சை என்பது அவர் தரப்பு. பெரிய மனசோடு சொல்லப்பட்ட விளக்கம். ஆனால் முப்பது வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும் சிசுவுக்கு நடந்த சிகிச்சை என்ன என்று கேட்டால் அந்த ஒப்புமை தடுமாறத்தான் செய்யும். அடுத்த பிறவி என்று சித்தாந்தி சொல்வார். தாய் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். அதையே அடுத்தவர் சொன்னால் வேறொன்று.

இந்த வேறுபாட்டை அப்பர் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். சேக்கிழார் சொல்கிறபடி சூலையைத் தந்தவனே சிவபெருமான். தமக்கை திலகவதியாரின் வேண்டுகோளுக்கு இணங்கி, மதம் மாறிப் போன தம்பியை மீட்டெடுப்பதற்காக. நோய் இறைவன் செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் இருக்காது. ஆனால் அந்தக் கதையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். திருவதிகைப் பதிகத்தில் தான் செய்த கொடுமைகளைப் பற்றிப் பேசுபவர் வலியில் சுருளும் அப்பர் மட்டும்தான். அவையும் இன்னதென்று தனக்குத் தெரியவில்லை என்றே சொல்கிறார். தம்பி மதம் மாறிப் போனதற்கு இது கூலி என்று சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தால் அது திலகவதியாருக்குத்தான். அவர் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து காலில் விழுந்தவரை எழுப்பி, திருநீறு கொடுத்து, விடியலில் கோயிலுக்கு அழைத்துப்போகிறார்.

வினைக் கோட்பாடு தன்னைப் பார்த்துத் தானே பேசிக்கொள்வதற்கு உரியது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து அதைச் சொல்லும் கணத்தில் அது சமயமாக இருப்பதை நிறுத்திக்கொண்டு தீர்ப்பாக மாறிவிடுகிறது. சைவ மரபு இந்தத் தீர்ப்பை இறுதியானதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. மெய்கண்டார் பிறந்த கதையே அதற்கு அத்தாட்சி. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. தேவாரச் சுவடியில் கயிறு சாத்திக் குறி பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. வெண்காட்டில் குளித்து வழிபட்டிருந்தவரின் கனவில் சிவபெருமான் தோன்றி, இந்தப் பிறவியில் உனக்கு மகப்பேறு இல்லை என்றாராம். எனக்கு இல்லாமல் இருக்கலாம், சம்பந்தர் வாக்கு பொய்க்குமா என்று களப்பாளர் கேட்க, குழந்தை வரமாகக் கிடைத்தது என்று மரபு சொல்கிறது. வினையின் ஒழுங்கைப் பன்னிரண்டு நூற்பாவில் இலக்கணமாக்கிய ஆசிரியர், தன் பெற்றோர் வினைக்கு விலக்காகப் பிறந்தவர்! சித்தாந்த வகுப்புகளில் இந்த முரணை அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

திருச்சியில் இன்னொரு சிவன் இருக்கிறான். காவிரி வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியின் தாய் வரமுடியாமல் நின்றபோது, தாய் வேடத்தில் வந்து பிரசவம் பார்த்தவன்; அதனால் தாயுமானவன். பிரசவ அறையில் கடவுளுக்குத் தமிழர்கள் கொடுத்திருக்கும் வேலை மருத்துவச்சி வேலை. நீதிபதி வேலை இல்லை.

இதைச் சொன்னதும் படித்த வர்க்கம் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடாது. விசாரணை அங்கேயும் நடக்கிறது. வழக்குச் சொற்கள்தான் மாறியிருக்கின்றன. வேலைக்குப் போய் டென்ஷன் ஆனாள், ஜங்க் ஃபுட் சாப்பிட்டாள், பழம் காய்கறி சேர்த்துக்கொள்ளவில்லை, ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ குறைந்துவிட்டது. முன்பு பரிகாரம் என்றால் நவக்கிரகம். இப்போது மாதுளை, கிரீன் டீ, மாத்திரை டப்பா. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற சொல்லே இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டது. எரிகிறது என்றால் அணைக்க வேண்டியதுதானே? வைட்டமின் சியும் ஈயும் அணைக்கும் பொருட்கள் அல்லவா?

மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. பிரிட்டனில் ஆபத்து அதிகமுள்ள 2,410 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களில் 15 சதவீதத்தினருக்கு நோய், சாப்பிடாதவர்களில் 16. வித்தியாசமே இல்லை. எடை குறைந்த குழந்தைகள் வைட்டமின் பக்கம்தான் கூடுதலாகப் பிறந்தன. சத்துக் குறைவான நாடுகளிலாவது பலன் தெரியுமா என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பெரு, தென் ஆப்பிரிக்கா, வியட்நாம் நாடுகளில் 1,365 பேரிடம் பார்த்தது. 2009இல் வந்த பதிலும் அதேதான். நோயைத் தடுக்க இந்த வைட்டமின்களைக் கொடுக்க வேண்டாம் என்பதே இப்போதைய பரிந்துரை. எரிச்சல் இருப்பது உண்மை. அது தொடங்குவது நோய் வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன், ஒரு தமனியின் வாயில். மாதுளம்பழத்தின் கை அங்கே எட்டவில்லை.

பழம் சாப்பிட வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பழம் சாப்பிடாததால்தான் வந்தது என்று ஒருத்தியிடம் சொல்வது, போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்வதைவிட அறிவார்ந்ததல்ல என்பதே சங்கதி. இரண்டிலும் அவள்தான் எதையோ சரியாகச் செய்யாமல் விட்டவள்.

உண்மையில் பலன் தந்தவை எல்லாம் மலிவான, கவர்ச்சியற்ற பொருட்கள். முதல் மூன்று மாத முடிவிலேயே ஆபத்து அதிகமென்று தெரிந்தவர்களுக்கு ராத்திரியில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின்: மாதம் நிறையும் முன்பே வரும் முன்சூல்வலிப்பு 62 சதவீதம் குறைந்ததாக 2017இல் வந்த ஆய்வு காட்டியது. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்த மக்களுக்குக் கால்சியம் மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக்கூடாது. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட், அதாவது நம் பாட்டிமார் மலச்சிக்கலுக்குக் கொடுத்த பேதி உப்பு. 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த ஆய்வில் அது வலிப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது; 2002இல் முடிவு வெளியானது. மூளையில் அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்றுவரை முழுமையாகத் தெரியாது. அதனால் ஊசி போடுவதை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

ஆனால் நோயைத் தீர்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். குழந்தைக்குக் காலம் ஆகியிருந்தால் சிக்கலில்லை. ஆகாதிருந்தால்?

மாணிக்கவாசகர் தில்லையில் பாடியதாகச் சொல்லப்படும் போற்றித் திருவகவலில், தாய் வயிற்றில் ஓர் உயிர் மாதாமாதம் எந்தெந்த ஆபத்துகளிலிருந்து தப்பிப் பிழைக்கிறது என்று ஒரு கணக்கு வருகிறது. எண்ணுவது உள்ளே இருக்கும் உயிர். எட்டாம் மாதத்துக் கஷ்டம், ஒன்பதாம் மாதத்துத் துன்பம் என்று அடுக்கிக்கொண்டே போய், பத்தாம் மாதத்தில்தான் தாயும் சேர்ந்து படும் துயரத்தைச் சொல்கிறது. முன்சூல்வலிப்பு அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. ஏழாம் மாதத்திலேயே தாயின் துயரமும் சேயின் துயரமும் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கின்றன. உள்ளே ஒவ்வொரு நாளும் சேய்க்கு லாபம். தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து. மருத்துவர் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைச் சேய்க்காகத் தாய்க்குப் போட்டுவிட்டு, நாளை எண்ணுவார். அழுத்தம் அடங்கினால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். அடங்காவிட்டால் இன்றே.

இங்கே குடும்பம் குறுக்கே வருவதுண்டு. ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்பது நம் ஊரில் இன்னும் பலர் நம்பும் கணக்கு. அதனால் எட்டாம் மாதத்தில் எடுக்க வேண்டாம், ஒன்பது பிறக்கட்டும் என்பார்கள். அது தலைகீழ்க் கணக்கு. வளர்ந்த வாரங்கள் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும், எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட நிச்சயம் நல்ல வாய்ப்பு. சில நேரம் நட்சத்திரமும் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு ஒதுக்க நேரமிருந்தால் மருத்துவர்களே ஒத்துக்கொள்வதுண்டு. 170/120இல் அதற்கு நேரமிருக்காது.

பெரியம்மாவுக்கான பதிலைத் தேடி இப்போது வள்ளலாரிடம் வரலாம். அவர் பிறந்தது 1823இல். சிதம்பரத்தில் தரிசனம், கருங்குழியில் வாசம், 1867 மே 23இல் வடலூரில் தருமசாலை. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தை வாசித்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். பெரியம்மாவின் கேள்வி அந்த உரைநடைக்குள் அப்படியே இருக்கிறது. முன்வினையால் பசியில் வருந்தும்படி கடவுள் விதித்த ஒருவருக்குச் சோறு போடுவது கடவுள் கட்டளைக்கு விரோதமாகாதா என்று அவரே எதிர்த்தரப்பைக் கிளப்புகிறார். ஆகாது என்கிறார். அரசன் பெருங்குற்றவாளியைச் சிறையில் அடைக்கிறான். ஆனால் தன் சேவகரைக் கொண்டே அவனுக்குச் சோறும் போடுகிறான். சிறு குற்றம் செய்து வேலையிழந்து வீதியில் அலைகிறவனுக்குத் தயவுள்ள குடும்பஸ்தர் யாராவது சோறிட்டால், அரசன் அதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்படுவானே தவிரக் கோபிக்க மாட்டான்.

இந்த வாதத்தின் சாமர்த்தியம் கவனிக்கத் தக்கது. வினை பொய் என்று அவர் சொல்லவில்லை. தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும், தண்டனை நியாயமாகவே இருக்கட்டும், அப்போதும் உன் கடமையில் ஒரு பருக்கைகூடக் குறையாது என்கிறார். உயிர்கள் படும் துன்பங்களை அவர் ஏழாக வகுக்கிறார்: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. பிணி அதில் மூன்றாவது. ஆகவே வார்டு வராந்தாவில் நின்று யார் பாவம் என்று விசாரிப்பது, வள்ளலார் கணக்கில், தேவையில்லாத வேலை. விடை எதுவாக இருந்தாலும் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றேதான்.

அந்த ஒன்று எப்படி இருக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தாய் சேய் நல அட்டையில் 150/100 என்று எழுதியதும் செவிலியர் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்துச் சூடு காட்டுவார், இல்லையென்றால் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார். நிலைமை மோசம் என்றால் மக்னீசியம் சல்பேட்டை இரண்டு இடுப்பிலும் ஆழமாகக் குத்தி, 108இல் ஏற்றுவார். நோவு பலமாக இருக்கும். கத்தாத பெண்கள் குறைவு. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் சிதம்பரம் மருத்துவமனைக்கோ வந்து சேர்ந்ததும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊசி. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சை எண்ணுவார்கள். சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி என்று குனிந்து பார்ப்பார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசி கிடையாது. மருந்து மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும், மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டில் தயாராக இருக்கும். நடு ராத்திரி இரண்டு மணிக்கும் இது நடக்கும். அந்த அட்டையில் மதம், சாதி, பூர்வ ஜென்மம் எதற்கும் கட்டம் கிடையாது.

தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறப்பு என்பது 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கு. இந்திய சராசரி அப்போது 97. இந்த இடைவெளியை உண்டாக்கியதில் இப்படிக் கால் தட்டிப் பார்த்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயம், வீட்டுக்கு வந்த பிறகு மறந்துபோவது. குழந்தை பிறந்ததும் விசாரணை கலைந்துவிடும். குழந்தைக்குப் பெயர் வைப்பதில் எல்லாரும் மும்முரமாகிவிடுவார்கள். ஆனால் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். அழுத்தம் அடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். முன்சூல்வலிப்பு வந்து தேறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் நாற்பதைத் தொடும்வரை காத்திருக்காமல், இந்த வருஷம் பிரஷர் பார்த்தாயா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசில்லை.